ட்ரோம்போன் கான்செர்ட்டோ: வாசிப்பவரைத் தேடி வந்த இசை

[திரையில்: ஸ்லைடை நீட்டி மடக்கும் கை, மிக அருகில்]

ட்ரோம்போன், நீட்டி மடக்கும் குழாய் கொண்ட பித்தளை ஊதுகருவி; கான்செர்ட்டோ, ஒரு தனிக்கருவி இசைக்குழுவோடு சேர்ந்து வாசிக்கும் படைப்பு. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் எழுதப்பட்டு இன்றும் மேடையேறும் ட்ரோம்போன் கான்செர்ட்டோக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றுள் பலவற்றின் பின்னால், இசையமைப்பாளரை எழுதவைத்த ஒரு வாசிப்பாளர் இருக்கிறார்.

முதலில் கருவியைப் பார்ப்போம். ஸ்லைடு எனும் அந்த நகரும் குழாய்க்கு ஏழு நிலைகள் உண்டு. ஒவ்வொரு நிலைக்கும் சுரம் அரைப்படி இறங்கும். நிலைகளைக் காட்ட அதில் கோடோ புள்ளியோ கிடையாது, காதுதான் அளவுகோல். ஒரே நிலையில் உதட்டை இறுக்கினால் அடுத்தடுத்த சுரங்கள் பிறக்கும். தாழ்ந்த எல்லையில் அவற்றுக்கிடையே பெரிய இடைவெளி இருக்கும், மேலே போகப் போக அவை நெருங்கும். ஆகவே உயர்ந்த எல்லையில், கையை அதிகம் நகர்த்தாமலே மெட்டு வாசிக்க முடியும்.

வியன்னாவின் இசையமைப்பாளர்கள் உயர்ந்த சுரங்களில் ஒலிக்கும் சிறிய ஆல்ட்டோ ட்ரோம்போனை நாடியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அங்கே ட்ரோம்போன் தேவாலயத்துக் கருவி. பாடகர் குழுவின் குரல்களைத் தாங்குவதே அதன் அன்றாட வேலை. அரசவை இசையமைப்பாளர் கேயார்க் கிறிஸ்டோஃப் வாகென்சைல், இரண்டே பகுதிகள் கொண்ட ஒரு கான்செர்ட்டோவை அதற்கு எழுதினார். பிற்காலத்தில் பேத்தோவனின் ஆசிரியராகப் பெயர்பெற்ற ஆல்பிரெக்ட்ஸ்பெர்கர் 1769இல் எழுதிய கான்செர்ட்டோவில், அருகருகே உள்ள இரு சுரங்களை விரைவாக மாற்றி மாற்றி ஒலிக்கும் டிரில்கள் வருகின்றன. அவற்றை உதட்டாலேயே வாசிக்க வேண்டும்.

சால்ஸ்பர்க்கில் லியோபோல்ட் மோட்சார்ட்டும் ஒரு செரினேடில் (பல பகுதிகள் கொண்ட இலகுவான இசைக்குழுப் படைப்பு) ஆல்ட்டோ ட்ரோம்போனுக்குத் தனிப் பகுதிகள் அமைத்தார். நல்ல ட்ரோம்போன் கலைஞர் கிடைக்காவிட்டால் வியோலாவில் (வயலினைவிடச் சற்றுப் பெரிய தந்திக்கருவி) வாசிக்கலாம் என்று அவர் குறித்திருப்பது, அத்தகைய கலைஞர்கள் எவ்வளவு அரியவர்கள் என்பதைக் காட்டுகிறது.

[திரையில்: லைப்சிக், கெவாண்ட்ஹவுஸ் அரங்கின் பழைய ஓவியம்]

அப்படிப்பட்ட அரிய கலைஞர் ஒருவர் லைப்சிக்கில் இருந்தார். கார்ல் டிரவுகோட் குவைஸர் கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவின் ட்ரோம்போன் கலைஞர், வியோலாவிலும் தேர்ந்தவர். அவருக்காக இசையமைப்பாளர் மெண்டல்சன் ஒரு கான்செர்ட்டோ எழுதுவதாக இருந்து, நேரம் கிடைக்காததால் அந்தப் பணி அக்குழுவின் முதல் வயலின் கலைஞர் ஃபெர்டினாண்ட் டேவிடிடம் சென்றது என்று சொல்வதுண்டு. 1845இல் மெண்டல்சனின் வயலின் கான்செர்ட்டோவை முதன்முதலாக மேடையில் வாசித்தவரும் இதே டேவிட்தான்.

1837இல் அரங்கேறிய டேவிடின் கான்செர்ட்டினோவில் (சிறிய கான்செர்ட்டோ) மூன்று பகுதிகளும் இடைநிறுத்தமின்றித் தொடர்கின்றன. கம்பீரமான தொடக்கத்துக்குப் பிறகு நடுவே சி மைனர் என்ற சோகச் சாயலுள்ள சுர அமைப்பில் ஓர் இறுதி ஊர்வல இசை வருகிறது. சாவையும் மறுமையையும் குறிக்க ட்ரோம்போனைப் பயன்படுத்தும் பழைய வழக்கத்தை ஒட்டிய தேர்வு இது. ஆனால் இங்கே அக்கருவி பின்னணியில் நில்லாமல் தானே பாடுகிறது, என் கணிப்பில் படைப்பின் உச்சமும் இப்பகுதியே. இன்று இசைக்குழுக்களில் ட்ரோம்போன் பணிக்கான தேர்வுகளில் இது பெரும்பாலும் கேட்கப்படுவதால், மாணவர்கள் பலர் இதை ரசிக்கும் முன்பே அஞ்சக் கற்றுக்கொள்கிறார்கள்.

ரஷ்யாவில் கடற்படை இசைக்குழுக்களின் மேற்பார்வையாளராக இருந்த ரிம்ஸ்கி-கோர்சகோவ், 1877இல் ராணுவ பேண்டுடன் வாசிப்பதற்கான கான்செர்ட்டோ ஒன்றை எழுதினார். டென்மார்க்கின் லவ்னி குரோண்டால் எழுதியது 1924இல் வந்தது.

அமெரிக்கரான கிறிஸ்டோபர் ரௌஸ், தம் கான்செர்ட்டோவை லியோனார்ட் பெர்ன்ஸ்டைனின் நினைவுக்கு அர்ப்பணித்தார். நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கின் ஜோசப் அலெஸ்ஸி 1992இல் அதை அரங்கேற்றினார்; மறு ஆண்டே அது புலிட்சர் பரிசு பெற்றது.