வேலையை விட்டு நிற்கும் பெண்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத் தொழிற்சாலைகளுக்கு ஆள் எடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். "இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்கேயும் நிலைக்க மாட்டார்கள்" என்று மேலாளர்கள் சலித்துக்கொள்வார்கள். நிலைக்கும்படி நாம் என்ன செய்தோம் என்று மட்டும் கேட்க மாட்டார்கள்.

செல்போன் தயாரிக்கும் லைனில் நிற்பவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். ப்ளஸ் டூ, டிப்ளமோ முடித்து, வெளி மாவட்டங்களிலிருந்து கான்ட்ராக்டர் மூலம் வருகிறவர்கள். ஷிப்ட் 8 மணி நேரம். மீதி 16 மணி நேரம் விடுதியிலும் கம்பெனி பஸ்ஸிலும் போகிறது. வேலையை விட்டு நிற்பதற்கான பாதிக் காரணம் அங்கேதான் இருக்கிறது. 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் செல்போன் ஆலையின் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பலர் மருத்துவமனைக்குப் போக, பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். போராட்டம் சம்பள உயர்வுக்காக அல்ல, சோற்றுக்கும் தங்கும் இடத்துக்கும். ஆலை சில வாரம் மூடிக்கிடந்தது. அப்புறம் 2024 ஆகஸ்டில், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வல்லம் வடகாலில், 18,720 பேர் தங்கும் விடுதியை மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் கட்ட, அது திறக்கப்பட்டது. நல்ல காரியம், சந்தேகமில்லை.

சரி, கட்டடம் வந்துவிட்டது. மீதிப் பாதி? "கல்யாணம் ஆனால் போய்விடுவாள், இவளுக்கு எதற்குப் பயிற்சி" என்று நிர்வாகம் நினைக்கிறது. ஒரு வருடம் கழிந்தும் அதே ஸ்க்ரூ, அதே மேசை, அதே கான்ட்ராக்ட். இங்கே மேலே போக வழியில்லை என்று அவளுக்குப் புரிந்துவிடுகிறது. கல்யாணம் வருவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறாள். "பார்த்தீர்களா, சொன்னேனே" என்கிறார் மேலாளர்!

விலகும்போது நிரப்புகிற படிவத்தில் ஏறக்குறைய எல்லோரும் "சொந்தக் காரணம்" என்றே எழுதுவார்கள். உண்மைக் காரணம் அறைத்தோழிக்குத்தான் தெரியும். சூப்பர்வைசர் கத்தியிருப்பார், தங்கை சடங்குக்கு லீவு கொடுத்திருக்க மாட்டார்கள், கழிப்பறைக்குப் போய் வந்த நேரத்தை எண்ணியிருப்பார்கள். படிவத்தை வைத்து அறிக்கை தயாரிக்கும் நிறுவனத்துக்கு இதில் ஒன்றும் எட்டாது.

என்னைக் கேட்டால், ஒரு வருடம் முடித்த பெண்ணுக்கு லைன் லீடர் பயிற்சி எந்த மாதம் என்பதைச் சேரும்போதே எழுத்தில் கொடுக்கலாம். தீபாவளி, பொங்கல் லீவுப் பட்டியலை ஊருக்கு டிக்கெட் கிடைக்கிற நேரத்திலேயே ஒட்டலாம். இதற்கு ஆகும் செலவு, மாதாமாதம் புது ஆளைத் தேடி வேன் வைத்து ஊர் ஊராய்ப் போகும் செலவை விடக் குறைவு. அந்த வேன்களை அனுப்பியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நன்றி, வணக்கம்.