கூலியில் கைவைக்காமல் போட்டியிடுவோம்

பனியன் தொழில் நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

"வங்கதேசத்தில் தையல் கூலி குறைவு. நாம் எப்படித் தாக்குப்பிடிப்பது?" திருப்பூரில் இதைக் கேட்காத முதலாளி இல்லை. கேள்வியில் நியாயம் இருக்கிறது. கூலி குறைவு என்பதோடு, 2001 முதல் ஐரோப்பாவுக்கு வரியில்லாமல் சரக்கு அனுப்பும் சலுகையும் அவர்களுக்கு உண்டு. அதற்காக நம் டெய்லரின் கூலியைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால், அவர் தன் அடக்க விலைக் கணக்கையே பார்க்கவில்லை என்பேன்.

நூறு ரூபாய் அடக்கமாகும் டி-சட்டையில் துணி அறுபது, தையல் கூலி பதினைந்து என்று வைத்துக்கொள்வோம். கூலியில் பத்து சதவீதம் வெட்டினால் ஒன்றரை ரூபாய் மிஞ்சும். துணியில் இரண்டரை சதவீதம் மிச்சப்படுத்தினாலும் அதே ஒன்றரை ரூபாய்தான்! அது கட்டிங் மேஜையிலேயே கிடக்கிறது. மார்க்கரை, அதாவது துணியில் பாகங்களை வெட்டுவதற்கான வரைபடத்தை, நெருக்கிப் போடுங்கள். ரோலைப் பிரித்ததும் வெட்டாமல், இழுபட்ட துணி தன் அளவுக்குத் திரும்ப நேரம் கொடுங்கள். ஷேடு மாறிய ரோல்களைத் தனியே வெட்டுங்கள்.

தையல் வரிசைக்கு வாருங்கள். பாகங்களை இணைக்கும் ஓவர்லாக் தையல் முடிந்த பீஸ்கள், மடிப்பு தைக்கும் பேட்லாக் மெஷின் முன்னால் குவிந்து கிடக்கும். அதற்கு அடுத்த டெய்லர் கையில் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பார். அந்தக் காத்திருப்புக்கும் சேர்த்துத்தான் ஷிப்ட் சம்பளம் கொடுக்கிறோம்.

வங்கதேசம் ஏறக்குறைய முழுப் பருத்தியையும் இறக்குமதி செய்கிறது. நமக்கோ கோவை, திண்டுக்கல் மில்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. நிட்டிங், சாயம், பிரிண்டிங், காஜா பட்டன் எல்லாம் ஒரே ஊருக்குள். லட்சக்கணக்கில் ஒரே நிறம் கேட்கும் ஆர்டருக்கு டாக்காவோடு மோதுவது வீண். சில ஆயிரம் பீஸ், பல நிறம், குறுகிய கெடு என்று வரும் ஆர்டரை விடாதீர்கள்.

2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. சாயக்கழிவால் நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணைப் பகுதி விவசாயிகளையும் பாழாக்கிய நமக்கு அது தகும். அதன்பின் சீரமைத்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவுநீரில் பெரும்பகுதியை மீட்டு, உப்பையும் பிரித்துத் தருகின்றன. அந்தச் செலவை எடுத்துச்சொல்லி வெளிநாட்டு பையரிடம் கூடுதல் விலை கேட்க ஏன் இத்தனை கூச்சம்? 2013 ஏப்ரலில் வங்கதேசத்தில் ஆடை ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டவர்கள் மாண்டபின், துணி எங்கே, எப்படித் தைக்கப்படுகிறது என்று பையர்களும் கேட்கத்தான் செய்கிறார்கள்.

பழகிய டெய்லர் போய்விட்டால் புதியவர் வேகம் பிடிக்கும்வரை அந்த வரிசையே மந்தமாகிறது. ஆகவே அடுத்த கூலி ஒப்பந்தப் பேச்சில் சதவீதத்தை மட்டும் பேசிவிட்டு எழுந்துவிடாதீர்கள். வடமாநிலத்திலிருந்து வந்த பெண்ணுக்குக் காற்றோட்டமான அறை, கைக்குழந்தைக்குக் காப்பகம், ஓவர்லாக் டெய்லருக்குப் பேட்லாக்கிலும் பயிற்சி. இவற்றையும் தொழிற்சங்கத்தோடு உட்கார்ந்து பேசி, ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.