ஈசலைக் கண்டு அலறும் பிள்ளைக்கு என்ன செய்வது?

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகனுக்கு ஏழு வயது, ஆட்டிசம் இருக்கிறது, இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்துத்தான் பேசுவான். போன மாதம் மழை விட்ட ஒரு சாயங்காலம் சன்னல் வழியாக ஈசல் கூட்டம் வீட்டுக்குள் வந்துவிட்டது. பையன் குளியலறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டான். அன்றிலிருந்து ஒரு ஈ பறந்தாலும் அலறல்தான். மின்தூக்கி வாசலில் விளக்கைச் சுற்றி ஏதாவது பறந்தால் வெளியே கால் வைக்க மாட்டேன் என்கிறான், புளோக்குக்குக் கீழே விளையாடப் போய் மூன்று வாரம் ஆகிறது. பயம் தெளியட்டும் என்று அப்பா ஒரு செத்த கரப்பான் பூச்சியைக் காகிதத்தில் எடுத்துவந்து முகத்துக்கு நேரே காட்டியிருக்கிறார், அதன் பிறகு இன்னும் மோசம். பாட்டியோ, ஊரில் நாங்கள் ஈசலை வறுத்துப் பொரியோடு சாப்பிடுவோம், இதற்குப் போய் அழுகிறாயே என்று சிரிக்கிறாராம். இது தானாகச் சரியாகுமா, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்.

முதலில் அந்த அம்மாவுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் பிள்ளை அடம் பிடிக்கவில்லை, உண்மையாகவே பயப்படுகிறான். பாட்டி சொல்வதும் பொய்யில்லை, ஆனால் அது பாட்டியின் அனுபவம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்குச் சத்தம், தொடுதல், வெளிச்சம் எல்லாம் நமக்குத் தெரிவதைவிடப் பல மடங்கு கூடுதலாகத் தெரியும். அதோடு, அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தால்தான் அவர்களுக்கு நிம்மதி. பறக்கிற பூச்சி எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்குமே தெரியாது. அன்றைக்கு ஒன்றிரண்டு இல்லை, கூட்டமாக, அதுவும் அவன் பத்திரமான இடம் என்று நம்பிய வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அவன் குளியலறைக்குள் ஓடியது அவனுக்குத் தெரிந்த ஒரே வழி.

அதனால் பயத்தை விரட்டுவதற்கு முன்னால் எது பயமுறுத்துகிறது என்று பாருங்கள். பூச்சி என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஒரு பிள்ளைக்கு அதன் ரீங்காரம் தாங்காது, ஒரு பிள்ளைக்கு மேலே வந்து உட்கார்ந்துவிடுமோ என்ற பயம், இன்னொரு பிள்ளைக்கு அது திடீரென்று திசை மாறுவதுதான் பிரச்சினை. ஒரு வாரம் கவனித்து ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். காதைப் பொத்துகிறானா, சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொள்கிறானா, கண்ணை மூடிக்கொள்கிறானா? காதைப் பொத்தினால் சத்தத்தைக் குறைக்கும் காதுக்கவசம் உதவும், சட்டையை இழுத்தால் மெல்லிய முழுக்கைச் சட்டையும் தொப்பியும் உதவும். வெறும் சட்டை மாற்றியே பாதி அழுகை நின்ற வீடுகள் எனக்குத் தெரியும்.

இன்னொரு விஷயம், இது நம் தமிழ் வீடுகளுக்கே உரியது, தயவுசெய்து கவனியுங்கள். சாப்பிடாவிட்டால் பூச்சாண்டி வரும் என்கிறோம். தூங்கு, பூச்சி வருது என்கிறோம். மிட்டாய் தின்றால் பல்லில் பூச்சி என்கிறோம், வயிற்றுவலி வந்தால் வயிற்றில் பூச்சி இருக்கு, மருந்து குடி என்கிறோம். சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும் ஒரு பிள்ளை இதையெல்லாம் கேட்டால் என்ன நினைப்பான்? பறந்து வருகிற அந்தப் பொருள் என் வாய்க்குள்ளும் போகும், வயிற்றுக்குள்ளும் இருக்கும் என்றுதானே. என்னிடம் வந்த ஒரு பையன் பல் துலக்கவே மறுத்தான், காரணம் இதுதான் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது. வீட்டில் இருக்கிற எல்லோரிடமும் சொல்லி, இந்தப் பேச்சை நிறுத்துங்கள். பல்லில் ஓட்டை என்று சொன்னால் போதும்.

அதேபோல, பூச்சி ஒன்றும் செய்யாது என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். நாளைக்கே கொசு கடிக்கும், எறும்பு கடிக்கும். அப்புறம் நீங்கள் சொல்கிற எதையும் அவன் நம்ப மாட்டான். ஈசல் கடிக்காது, கொசு கடிக்கும், கடித்தால் அரிக்கும், மருந்து போட்டால் போய்விடும். இப்படி ஒவ்வொன்றுக்கும் உண்மையைச் சொல்லுங்கள், படம் வரைந்தே சொல்லலாம். ஈசல் என்பது இறக்கை முளைத்த கரையான். மழைக்குப் பிறகு புதுக் கூடு அமைக்க வெளியே வருகிறது, விளக்கு வெளிச்சத்தில் சிக்கிக்கொண்டு வழி தெரியாமல் சுற்றுகிறது, கொஞ்ச நேரத்தில் இறக்கை உதிர்ந்துவிடும். அது உன்னைத் தேடி வரவில்லை, விளக்கைத் தேடி வந்தது. இந்த ஒரு வரி பல பிள்ளைகளுக்குப் பெரிய ஆறுதல்.

இப்போது பழக்குவதைப் பற்றி. அப்பா செய்ததை இனி யாரும் செய்ய வேண்டாம். பழக்க வேண்டும்தான், ஆனால் தூரமும் நேரமும் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். ஒரு சிறுமிக்கு எறும்பு என்றால் அவ்வளவு பயம். எங்கள் வகுப்பறைச் சன்னல் ஓரம் எறும்பு வரிசை போகும், அவள் கதவைத் தாண்டி உள்ளே வரவே மாட்டாள். நாங்கள் தரையில் ஒரு மஞ்சள் டேப் ஒட்டி, நீ இதற்கு இந்தப் பக்கம் நில், டேப்பை நகர்த்துவது உன் வேலை, நாங்கள் தொட மாட்டோம் என்றோம். எட்டு நாள் அவள் அதைத் தொடவில்லை. ஒன்பதாம் நாள் குனிந்து, நகத்தால் டேப்பின் ஓரத்தைக் கிளப்பி, ஒரே ஒரு தரை ஓடு அளவு முன்னால் ஒட்டிவிட்டு, செருப்பு நுனியைச் சரியாக அந்தக் கோட்டில் வைத்து நின்றாள். யாரும் கைதட்டவில்லை, கைதட்டினால் அந்தச் சத்தத்துக்கே ஓடிவிடுவாள். அவளுக்குப் பிடித்த புதிர்ப் பலகையை எடுத்து வைத்தோம், அவ்வளவுதான்.

உங்கள் பையனுக்கு முதலில் கோட்டுப்படம், பிறகு புகைப்படம், அப்புறம் சத்தம் இல்லாத வீடியோ, அதை நிறுத்தும் பொத்தான் அவன் விரலுக்குக் கீழே. போதும் என்று காட்ட ஓர் அட்டை கொடுங்கள், அட்டையைத் தூக்கினால் அந்த நொடியே நிறுத்த வேண்டும், இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சக் கூடாது. ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் போதும். அதில் நிம்மதி வந்த பிறகு, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்குக் கூட்டிப் போகலாம். 2015இல் திறந்தது. அங்கே பூச்சிகள் கண்ணாடிக்குப் பின்னால் அசையாமல் இருக்கும், இவன்தான் கிட்டப் போவான், அது கிட்ட வராது. ஊருக்குப் போகும்போது சாங்கி மூன்றாம் முனையத்துப் பட்டாம்பூச்சித் தோட்டத்தைக் காட்டலாமா என்று முன்பு ஒருவர் கேட்டிருந்தார். அழகான இடம்தான், ஆனால் அங்கே மேலே வந்து உட்காரும், விமான நிலையக் கூட்டத்தில் பிள்ளை ஏற்கனவே களைத்திருப்பான். அது கடைசிப் படி.

வெளியே போகும்போது ஒன்று முக்கியம். பயத்தில் பிள்ளை சாலைக்கு ஓடலாம், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்று பூச்சி வராது என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வரலாம், வந்தால் நில், இரண்டடி பின்னால் போ, அம்மா என்று கூப்பிடு. இந்த மூன்றையும் வீட்டுக்குள்ளேயே, பூச்சி எதுவும் இல்லாதபோது, விளையாட்டாகச் செய்து பழக்குங்கள்.

தானாகச் சரியாகுமா என்று கேட்டீர்கள். சில பிள்ளைகளுக்குக் குறையும், ஆனால் வெளியே போவதையே நிறுத்திவிட்டால் பயம் வளரத்தான் செய்யும். தூக்கம், சாப்பாடு, பள்ளிக்குப் போவது கெட்டுப்போனால் காத்திருக்காதீர்கள். பள்ளியில் சொல்லுங்கள், பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) கேட்டு மேல் சிகிச்சைக்குக் கடிதம் வாங்குங்கள்.

அடுத்த மழைக்குத் தயாராக இருங்கள். வானம் இருட்டினாலே சன்னலைச் சாத்திவிடுங்கள். ஈசல் வந்துவிட்டால் வீட்டு விளக்கை எல்லாம் அணைத்து, சமையலறையில் மட்டும் ஒரு விளக்கு, அதற்குக் கீழே ஒரு பேசினில் தண்ணீர். அந்தச் சுவிட்சுகளை அணைப்பது பையனின் வேலையாக இருக்கட்டும், பக்கத்தில் அப்பா நிற்கட்டும். அதற்கு முன்னால் அப்பா ஒரு தாளில் கரப்பான் பூச்சியை வரைந்து, அதன் மேல் பெரிய பெருக்கல் குறி போட்டு, அப்பா இனிமேல் காட்ட மாட்டேன் என்று மகன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். அந்தத் தாளை அவன் கண்ணில் படுகிற இடத்தில், குளியலறைக் கதவிலேயே ஒட்டி வையுங்கள்.