வலிக்காத கட்டி: மார்பகப் புற்றுநோய் குறித்து மும்பைத் தமிழர்களுக்கு ஒரு விளக்கம்

[காட்சி: தாராவி 90 அடிச் சாலை, காலை நேரம். கடைகள் திறக்கப்படுகின்றன. குரல் தொடங்குகிறது.]

வணக்கம். மார்பகத்தில் கட்டி இருப்பது தெரிந்தும் பல மாதங்கள் கழித்து மருத்துவரிடம் வரும் பெண்களிடம், இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டால், "அது வலிக்கவே இல்லையே" என்ற பதில்தான் அடிக்கடி கிடைக்கிறது. வலித்தால்தான் நோய் என்பது நம் வீடுகளில் வழிவழியாக வந்த கணக்கு. பல்லுக்கும் முதுகுக்கும் அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். மார்பகப் புற்றுநோயில் அது நம்மை ஏமாற்றிவிடுகிறது. ஏனெனில் தொடக்க நிலைப் புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிப்பதே இல்லை. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் இரண்டு மார்பகங்களிலும் வரும் கனமும் வலியும் பெரும்பாலும் ஹார்மோன் ஏற்ற இறக்கத்தால் வருபவை. ஆக, அஞ்ச வேண்டாததைப் பார்த்து அஞ்சுகிறோம். காட்ட வேண்டியதைக் காட்டாமல் இருந்துவிடுகிறோம்.

இந்த விளக்கம் முழுவதும் "மார்பகம்" என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன். கூச்சத்தால் பலர் "நெஞ்சில் ஏதோ இருக்கிறது" என்றுதான் சொல்கிறார்கள். அப்படிச் சொன்னால், கேட்கும் மருத்துவர் முதலில் இதயத்தைப் பற்றித்தான் நினைப்பார்.

[காட்சி: மார்பகத்தின் உள்ளமைப்பு, வரைபடம்.]

மார்பகத்துக்குள் பால் சுரக்கும் சிறு மடல்களும், அந்தப் பாலைக் காம்புக்குக் கொண்டுவரும் நுண்ணிய நாளங்களும் இருக்கின்றன. பெரும்பாலான மார்பகப் புற்றுகள் இந்த நாளங்களின் உட்சுவரில் உள்ள செல்களில்தான் தொடங்குகின்றன. செல் பிரியும்போது அதன் மரபணுவில் ஏற்படும் பிழை திருத்தப்படாமல் தங்கி, மேலும் பிழைகள் சேர்ந்து, கட்டுப்பாடில்லாமல் பெருகத் தொடங்குவதே புற்று. நாளத்தின் சுவருக்குள் அடங்கியிருக்கும்வரை அது எங்கும் பரவாது. சுவரை உடைத்துக்கொண்டு வெளியேறிய பின்னரே அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளுக்கும், பின்னர் எலும்பு, நுரையீரல், கல்லீரல் ஆகியவற்றுக்கும் செல்லும் வழி அதற்குத் திறக்கிறது.

2022ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஓராண்டில் ஏறத்தாழ 1,92,000 பேருக்கு இந்த நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 98,000 பேர் இதனால் இறந்தனர். இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பதிவேடுகளில், மார்பகத்துக்குள்ளேயே அடங்கிய நிலையில் கண்டறியப்பட்டவர்களின் ஐந்தாண்டுப் பிழைப்பு விகிதம் ஏறத்தாழ 99 சதவீதம். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிய பிறகு கண்டறியப்பட்டவர்களுக்கு அது 30 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. இந்த வேறுபாட்டைத் தீர்மானிப்பதில் நோயாளி வந்து சேரும் நேரத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

[காட்சி: அடுக்களையில் இரண்டு தலைமுறைப் பெண்கள்.]

இனி, யாருக்கு வரும் என்ற கேள்வி. "எங்கள் வம்சத்தில் யாருக்கும் கிடையாது" என்று ஆறுதல் கொள்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பரம்பரையாகக் கடத்தப்படும் மரபணுப் பிழையால் வருபவை மொத்தத்தில் 5 முதல் 10 சதவீதம் மட்டுமே. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, இந்த நோய் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு, பெண்ணாக இருப்பதும் நாற்பது வயதைக் கடந்ததும் தவிர வேறு குறிப்பிட்ட காரணம் எதுவும் இல்லை. ஆண்களுக்கும் வரும், இந்த நோயாளிகளில் நூற்றுக்கு ஒருவரோ அதற்கும் குறைவோதான் ஆண்கள் என்பதால் யாரும் எதிர்பார்ப்பதில்லை, ஆகவே அவர்களும் தாமதமாகத்தான் வருகிறார்கள்.

மற்ற காரணங்களில் பலவற்றை இணைக்கும் சரடு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன். அது மார்பகச் செல்களைப் பிரியத் தூண்டுகிறது. எனவே சிறுவயதிலேயே பூப்பெய்தி, ஐம்பத்தைந்து வயதுக்குப் பிறகு மாதவிடாய் நின்ற பெண்ணின் மார்பகம் அந்தத் தூண்டுதலுக்குக் கூடுதல் ஆண்டுகள் ஆட்படுகிறது. பிள்ளை பெறாதவர்களுக்கும், முப்பதுக்கு மேல் முதல் பிள்ளை பெற்றவர்களுக்கும் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது. தாய்ப்பால் கொடுக்கும் ஒவ்வொரு பன்னிரண்டு மாதமும் அதை ஏறத்தாழ 4 சதவீதம் குறைக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு கருப்பைக்குப் பக்கத்திலுள்ள சூலகங்கள் ஓய்ந்துவிட்டாலும், உடற்கொழுப்பு தானே ஈஸ்ட்ரோஜனை உருவாக்குகிறது. அந்த வயதில் உடல் பருமன் ஆபத்தாவது இதனால்தான். மது, சில வகை ஹார்மோன் மாத்திரைகள், இளவயதில் மார்பில் பெற்ற கதிர்வீச்சு ஆகியவையும் உண்டு. உள்ளாடை இறுக்கமாக அணிவதாலோ, பிள்ளை பால் குடிக்கும்போது கடித்துவிட்டதாலோ, எப்போதோ அடிபட்டதாலோ இந்த நோய் வருவதில்லை. இவற்றைச் சொல்லி மருமகளைக் குற்றம் சாட்டுவதையாவது நிறுத்திக்கொள்ளலாம்.

பரம்பரை வகையில் முக்கியமானவை பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்னும் இரு மரபணுக்கள். முதலாவது 1994இலும் இரண்டாவது 1995இலும் அடையாளம் காணப்பட்டன. பழுதான டிஎன்ஏவைச் சரிசெய்ய உதவுவதே இவற்றின் வேலை என்பதால், இவை கெட்டுப்போன நிலையில் பிறக்கும் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்று வர வாய்ப்புண்டு. சூலகப் புற்றுநோய்க்கான வாய்ப்பும் இதோடு சேர்ந்து கூடும். இந்தப் பிழை தந்தை வழியாகவும் வரும். எனவே மருத்துவர் குடும்ப வரலாறு கேட்கும்போது தாய்வழிச் சித்தியைச் சொல்லிவிட்டு அத்தையை விட்டுவிடக்கூடாது.

[காட்சி: கண்ணாடி முன் நிற்கும் பெண்ணின் நிழலுரு.]

அறிகுறிகள். முதன்மையானது, மார்பகத்திலோ அக்குளிலோ புதிதாகத் தோன்றும், பெரும்பாலும் வலியில்லாத, கெட்டியான கட்டி. கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல என்பதையும் உடனே சொல்லிவிடுகிறேன். இளம்பெண்களுக்கு வரும், விரலுக்கடியில் நழுவி ஓடும் நார்க்கட்டியும், நீர் நிறைந்த பைகளும் தீங்கற்றவை. ஆனால் எது எது என்று தொட்டுப் பார்த்தே முடிவுகட்டும் திறமை பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கிடையாது.

கட்டியே இல்லாமலும் நோய் தன்னைக் காட்டும். தோல் ஓரிடத்தில் குழிந்து உள்ளிழுத்தாற்போல் ஆகலாம். இங்கே மொசம்பி என்று விற்கும் சாத்துக்குடியின் மேல்தோலைப் போலத் துளைத்துளையாகத் தடிக்கலாம். இதுவரை வெளியே நின்ற காம்பு உள்ளே திரும்பலாம். ஒரு பக்கக் காம்பிலிருந்து மட்டும், பிதுக்காமலேயே, இரத்தம் கலந்த நீர் கசியலாம். காம்பின் மேல் ஆறாத சொறி போன்ற புண் வரலாம். களிம்பு பூசி மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இந்த வகையில் அதிகம். மார்பகம் முழுவதும் சிவந்து வீங்கி, சீழ்க்கட்டுப்போலத் தோன்றும் ஒரு வகையும் உண்டு. மாத்திரைக்கு அது தணியாவிட்டால் மறுபடியும் மருத்துவரிடம் போக வேண்டும். பல ஆண்டுகளாக அணியும் ரவிக்கை ஒரு பக்கம் மட்டும் பிடிக்கத் தொடங்குவதும் கவனிக்க வேண்டிய செய்தியே.

[காட்சி: பழைய புகைப்படங்கள்போல அமைந்த ஓவியங்கள். குடிசைப் பகுதியில் வீடு வீடாகச் செல்லும் சுகாதாரப் பணியாளர்கள்.]

முன்கூட்டியே கண்டறிவது பற்றிப் பேசும்போது, நம் நகரத்தில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்லாமல் போக முடியாது. பரேலில் 1941இல் திறக்கப்பட்ட டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வாளர்கள், 1998இல் மும்பையின் குடிசைப் பகுதிகளை இருபது தொகுதிகளாகப் பிரித்து, 35 முதல் 64 வயதுவரையான 1,51,538 பெண்களை அதில் சேர்த்தார்கள். பத்துத் தொகுதிகளில், பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, நான்கு சுற்றுகளாக, கையால் மார்பகங்களைப் பரிசோதித்தார்கள். அவர்கள் மருத்துவர்கள் அல்லர்; அவர்களிடம் எந்திரமும் இல்லை. மற்றப் பத்துத் தொகுதிகளில் விழிப்புணர்வு விளக்கம் மட்டும் தரப்பட்டு, தொடர்ந்து கண்காணிக்கப்பட்டது.

இருபது ஆண்டுகளைக் கடந்து 2021இல் முடிவுகள் வெளியாயின. முற்றிய நிலையில் கண்டறியப்பட்டவர்களின் பங்கு, பரிசோதிக்கப்பட்ட பகுதியில் 37 சதவீதம், மற்றதில் 47 சதவீதம். ஐம்பதும் அதற்கு மேலும் வயதான பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் இறப்புகள் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தன. ஐம்பதுக்குக் கீழே அத்தகைய பயன் தெளிவாகத் தெரியவில்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனாலும் பழகிய விரல்களே இவ்வளவு செய்யும் என்பதை இந்த ஊரின் சந்துகளில் நிறுவியது பெரிய காரியம் என்றே நான் கருதுகிறேன். இந்திய அரசின் வழிகாட்டுதலும் 30 முதல் 65 வயதுவரையான பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை இந்தக் கைப்பரிசோதனையைப் பரிந்துரைக்கிறது. அரசின் சுகாதாரத் தொண்டரான ஆஷா பணியாளர் கதவைத் தட்டினால் திருப்பி அனுப்ப வேண்டாம்.

அப்படியானால் நாமே தொட்டுப் பார்த்துக்கொண்டால் போதாதா? ஷாங்காய் நகரின் ஆலைகளில் வேலை செய்த 2,66,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். சுயபரிசோதனை கற்றுக்கொண்டவர்களிடையே இறப்பு குறையவில்லை. தீங்கற்ற கட்டிகளுக்காகச் செய்த பயாப்சிகளே, அதாவது திசு எடுத்துப் பார்க்கும் சோதனைகளே, கூடின. எனவே மாதந்தோறும் சடங்குபோலத் தேடுவதைவிட, தன் மார்பகத்தின் இயல்பான தோற்றத்தையும் தொடுவுணர்வையும் அறிந்து வைத்திருந்து, மாறினால் காட்டுவதே இன்றைய அறிவுரை. மாதவிடாய் முடிந்த சில நாட்களில் மார்பகம் இளகியிருக்கும்; கவனிக்க அதுவே ஏற்ற நேரம்.

மேமோகிராம் என்பது மார்பகத்தை இரு தட்டுகளுக்கிடையே சில நொடிகள் அழுத்தி எடுக்கும் குறைந்த கதிர்வீச்சு எக்ஸ்ரே. கைக்குத் தட்டுப்படாத கட்டியையும் அது காட்டும். இளவயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் படம் வெளுத்துவிடும். கட்டியும் வெள்ளையாகவே தெரிவதால் மறைந்துபோகும். அதனால்தான் இளம்பெண்களுக்கு முதலில் ஒலி அலைகளால் படம் எடுக்கும் சோனோகிராபி எழுதுகிறார்கள்.

[காட்சி: மருத்துவமனை வெளிநோயாளர் பிரிவு. வரிசையில் காத்திருப்போர்.]

கட்டியோடு சென்றால் மூன்று படிகள் நடக்கும்: மருத்துவரின் கைப்பரிசோதனை, படம், ஊசி வழியே திசு எடுக்கும் பயாப்சி. ஊசி குத்தினால் புற்று பரவிவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு இங்கேயே திரும்பிவிடுபவர்கள் உண்டு. அந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை; பயாப்சி இல்லாமல் எந்த மருந்து பொருந்தும் என்று தீர்மானிக்கவும் முடியாது.

மொழியும் ஒரு தடையாகிறது. இந்தியில் தடுமாறும் ஒரு தாய், மொழிபெயர்க்கத் தன் மகனை அழைத்துச் செல்ல நாணி, போகாமலே இருந்துவிடுகிறாள். கட்டியை இந்தியில் "காண்ட்" என்றும் மராத்தியில் "காட்" என்றும் சொல்வார்கள். அந்த ஒரு சொல்லோடு இடத்தைச் சுட்டிக்காட்டினால் போதும். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்பதிலும் தவறில்லை. செலவைப் பற்றிய கவலைக்கு, மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் மகாத்மா ஜோதிராவ் புலே ஜன் ஆரோக்ய யோஜனா பற்றிக் கேளுங்கள். மகாராஷ்டிர அரசின் அந்தத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைகளும் அடங்கும்.

இன்னொரு தாமதம் நமக்கே உரியது. "மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் ஊருக்குப் போவோம், திருநெல்வேலியில் காட்டிக்கொள்ளலாம்" என்று பிப்ரவரியில் சொல்வது. நோயாளி முதலில் வந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோயறிதல் முடிய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் இலக்கு வைத்தது. நாம் டிக்கெட் எடுத்துக் காத்திருப்பதிலேயே அதைவிடக் கூடுதல் நாட்களைக் கழித்துவிடுகிறோம். ஊரில் சிகிச்சை பெறுவது உங்கள் விருப்பம். அங்கே பார்த்துக்கொள்ள ஆளிருந்தால் அது நல்ல முடிவாகவும் இருக்கலாம். ஆனால் படமும் பயாப்சியும் இங்கே இந்த வாரமே முடியட்டும். புறப்படும்போது அறிக்கைத் தாள்களோடு, பயாப்சித் திசு ஒட்டிய கண்ணாடிச் சில்லுகளையும் (ஸ்லைடு), திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டையையும் (பிளாக்) பரிசோதனைக் கூடத்தில் கேட்டு வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.