அம்மாவின் மணிக்கட்டு

வணக்கம். நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு பக்கம் வீடு வீடாகப் போய், எலும்பு முறிந்து படுத்தவர்களை எழுப்பி நடக்க வைப்பது என் வேலை. போகிற இடத்தில் வயதான அம்மாக்களிடம் எலும்பைப் பற்றிப் பேச்செடுத்தால், பெரும்பாலும் முழங்காலைத் தொட்டுக் காட்டுவார்கள். "தேய்மானம்னு சொல்லிட்டாங்கம்மா."

குழப்பமே அங்கேதான். முழங்காலில் தேய்வது மூட்டு. அது வலிக்கும், படி ஏறினால் சத்தம் போடும். நான் பேச வந்தது எலும்புப்புரை. டாக்டர்கள் ஆஸ்டியோபோரோசிஸ் என்பார்கள். எலும்புக்குள் இருக்கிற சல்லடைப் பின்னல் மெலிந்து, ஓட்டைகள் பெரிதாகிக்கொண்டே போகும். முறிகிற நாள்வரை வலியே இருக்காது. இரண்டையுமே 'எலும்புத் தேய்மானம்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். அதனால் முட்டிக்குத் தைலம் தேய்ப்பவர், எலும்புக்கும் சேர்த்து வைத்தியம் ஆகிவிட்டது என்று இருந்துவிடுகிறார்.

என் அம்மாவையே சொல்கிறேன். 57 வயதில், தண்ணீர் லாரி வந்த அவசரத்தில் குடத்தோடு வாசலில் வழுக்கினார். கையை ஊன்றியதில் மணிக்கட்டு முறிந்தது. ஒரு மருத்துவமனையில் மாவுக்கட்டு போட்டார்கள், ஆறு வாரத்தில் பிரித்தார்கள். நின்ற இடத்தில் விழுந்ததற்கே ஏன் முறிந்தது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. காலேஜில் இதையே படித்துக்கொண்டிருந்த நானும் கேட்கவில்லை. வாசல் பாசியைத் திட்டினோம், பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தோம். 9 வருடம் கழித்து இடுப்பு முறிந்தது. இந்தத் தடவை வழுக்கக்கூட இல்லை, கட்டிலிலிருந்து எழுந்தபோது தடுமாறினார், அவ்வளவுதான். ஐம்பது தாண்டிய பெண்ணுக்கு இப்படிச் சாதாரணமாக விழுந்து எலும்பு முறிந்தால், கட்டுப் போடுவதோடு எலும்பின் அடர்த்தியையும் பார்த்துவிட வேண்டும்.

யாருக்கு வரும்? மாதவிலக்கு நின்றதும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்து, முதல் ஐந்தாறு வருடம் எலும்பு வேகமாகக் கரையும். 45 வயதுக்கு முன்பே நின்றவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். இதில் நான் அடிக்கடி பார்க்கிற ஒன்று: "கர்ப்பப்பை எடுத்தாச்சு" என்பார்கள். இரண்டு சினைப்பையையும் சேர்த்து எடுத்தார்களா என்றால், தெரியாது. எடுத்திருந்தால் ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் நின்றுபோனதற்குச் சமம். அந்த டிஸ்சார்ஜ் சீட்டு பீரோவில் புடவைக்கு அடியில் எங்காவது கிடக்கும். தேடி எடுத்து, டாக்டரிடம் போகும்போது கொண்டுபோங்கள்.

அப்புறம் ஸ்டீராய்டு. மூச்சிரைப்புக்கோ மூட்டுவலிக்கோ மூன்று மாதத்துக்கு மேல் விழுங்கினால் எலும்பு மெலியும். டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் அவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. ஆனால் கடையில் போய் "போன தடவை கொடுத்தீங்களே, அந்த வெள்ளை மாத்திரை" என்று கேட்டு வாங்குகிறோமே, அதில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? பெற்றவர்களில் ஒருவருக்கு இடுப்பு முறிந்திருந்தாலும், உடம்பு ரொம்ப ஒல்லியாக இருந்தாலும், தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் கவனம் வேண்டும்.

"தினமும் காலை வெயிலில் நிற்கிறேனே" என்பார்கள். இளவெயில் சுகம்தான், ஆனால் வைட்டமின் டி-க்குத் தேவையான கதிர் அதில் அதிகம் இருக்காது. 11 மணியிலிருந்து 2 மணி வரைதான் அது நன்றாகக் கிடைக்கும். மாடியில் துணி காயப்போடுகிற நேரத்தை அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள், போதும். காசிமேட்டில் நாளெல்லாம் மீன் விற்கிற அக்காக்களுக்கு வெயில் பஞ்சமா என்று தோன்றும். குடைக்கு அடியில், தலையில் முந்தானையோடு உட்கார்ந்திருக்கிறார்களே!

மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். ஒரு டம்ளர் பாலில் சுமார் 240 இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. ஆடியில் அம்மனுக்கு ஊற்றுகிற கூழை மற்ற பதினோரு மாதமும் நாம் குடிக்கலாம், அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். நெத்திலியை முள்ளோடு மென்று தின்னுங்கள்.

முகாம்களில் குதிகாலை ஒரு மெஷினில் வைத்துப் பார்த்து நார்மல் என்று சீட்டுக் கொடுத்தால், அதோடு முடித்துக்கொள்ளாதீர்கள். இடுப்பையும் முதுகெலும்பையும் பார்க்கிற டெக்ஸா ஸ்கேன்தான் சரியான சோதனை. எலும்பு அடர்த்திக்கு அதில் ஒரு எண் வரும், டி-ஸ்கோர் என்பார்கள். அது மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. ஊசி கிடையாது, வலி கிடையாது, சில நிமிடம் படுத்திருந்தால் போதும்.

அம்மாவுக்கு அதை எடுத்தது இடுப்பு முறிந்த பிறகுதான். இப்போது வாரம் ஒரு மாத்திரை. வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். ஞாயிறு காலை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை உள்ளே குரல் கொடுப்பார்: "மணி ஆச்சா? காபி கலக்கலாமா?"

வணக்கம்.