கேசினோவில் தொடர்ந்து ஜெயித்தால் அடித்துத் துரத்துவார்களா?

அடுத்த கேள்வி. "கேசினோவில் ஒருவர் விடாமல் ஜெயித்துக்கொண்டே இருந்தால், சினிமாவில் வருவதுபோல் பின்னறைக்கு இழுத்துப்போய் அடிப்பார்களா? சீட்டுகளை மனத்தில் எண்ணி ஆடுவது குற்றமா? சூதாட்ட இயந்திரத்தில் பெரிய பரிசு விழுந்தால் உண்மையிலேயே கொடுப்பார்களா?" என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரே மூச்சில் மூன்று கேள்விகள். பரவாயில்லை.

அதிர்ஷ்டசாலியைக் கண்டு கேசினோ பயப்படுவதே இல்லை. ரூலெட் என்ற சுழல் சக்கர ஆட்டத்தின் ஐரோப்பிய வகையில் 37 எண்கள் இருக்கின்றன. சரியான எண்ணில் வைத்தவருக்கு, வைத்த பணம் போக 35 மடங்குதான் கொடுக்கிறார்கள். அந்தச் சிறிய இடைவெளியில் பந்தயம் கட்டும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சராசரியாக 2 ரூபாய் 70 காசு சூதாட்ட விடுதிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இன்றைக்கு அள்ளிக்கொண்டு போனவர் நாளைக்குத் திரும்பி வந்தால் போதும், மீதியைக் கணக்கு பார்த்துக்கொள்ளும்.

1990 பிப்ரவரியில் அக்கியோ கஷிவாகி என்ற ஜப்பானிய நில வியாபாரி, அட்லாண்டிக் சிட்டியில் டிரம்ப் பிளாசாவில் பக்காரா ஆடி 60 லட்சம் டாலருக்கு மேல் ஜெயித்தார். பக்காரா கிட்டத்தட்ட நம் மங்காத்தா மாதிரிதான். திறமைக்கு அதில் வேலை இல்லை. டிரம்ப்பின் ஆட்கள் அவரை விரட்டினார்களா? மே மாதம் மறுபடி வரவழைத்தார்கள். ஒரு கைக்கு 2 லட்சம் டாலர் வைத்து நாள் கணக்கில் ஆடினார். எழுந்தபோது சுமார் ஒரு கோடி டாலர் போயிருந்தது. ஜெயித்தவருக்கு இலவச அறையும் விருந்தும் கொடுத்து உபசரிப்பது எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும்.

கேசினோ பயப்படுவது கணக்கையே தன் பக்கம் திருப்புகிறவரைக் கண்டுதான். பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டத்தில், சீட்டுக் கட்டில் பத்துகளும் ஏஸ்களும் அதிகமாக மிச்சம் இருந்தால் ஆட்டக்காரருக்கு லாபம். போன சீட்டுகளை நினைவில் வைத்து, அந்த நேரம் பார்த்துப் பந்தயத்தை உயர்த்துகிறார்கள். இது மூளை வேலை, குற்றம் இல்லை. ஆனால் கைப்பேசியையோ கருவியையோ வைத்து எண்ணினால், லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் 1985 முதல் அது சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? மேலே கேமரா அறையில் இருப்பவரும் அதே கட்டை எண்ணிப் பார்ப்பார். உங்கள் பந்தயம் அவருடைய கணக்கோடு சேர்ந்து ஏறி இறங்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும். லாஸ் வேகாஸில் ஒரு மேலாளர் வந்து, "பிளாக்ஜாக் தவிர வேறு எதை வேண்டுமானாலும் ஆடுங்கள்" என்று மரியாதையாகச் சொல்வார். மீறினால் வெளியேற்றுவார்கள், திரும்பி வந்தால் அத்துமீறி நுழைந்ததாகப் போலீஸ் வரும். அட்லாண்டிக் சிட்டி இருக்கும் நியூ ஜெர்சியில் அது நடக்காது. சீட்டு எண்ணுகிறவரை விடுதி தன் இஷ்டத்துக்குத் தடுக்க முடியாது என்று கென் அஸ்டன் என்ற ஆட்டக்காரரின் வழக்கில் 1982இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் அங்கே அடிக்கடி கட்டைக் கலைத்துப் போட்டு அவர் கணக்கைக் குலைக்கிறார்கள்.

அடிதடியா? பழைய லாஸ் வேகாஸில் உண்டு. இன்று கேமரா விடுதிக்கு எதிராகவும் சாட்சி சொல்லும் என்பதால் துணிய மாட்டார்கள். சந்தேகப்பட்டவர்களின் படங்களைத் தொகுத்துக் கேசினோக்களுக்கு விற்றுவந்த கிரிஃபின் நிறுவனம், ஏமாற்றாத இருவரை ஏமாற்றுக்காரர்கள் என்று எழுதப்போய், வழக்கில் தோற்று 2005இல் திவால் மனு கொடுத்தது.

என்னைக் கேட்டால், இவை எல்லாவற்றையும்விடச் சுவையானது ஃபில் ஐவி வழக்கு. பெரிய போக்கர் ஆட்டக்காரர். 2012 ஆகஸ்டில் லண்டன் கிராக்ஃபோர்ட்ஸ் விடுதியில், கூட வந்த ஒரு பெண்ணோடு சேர்ந்து பக்காரா ஆடினார். சில சீட்டுகளின் பின்பக்க அச்சு இரண்டு விளிம்பிலும் ஒரே மாதிரி இருக்காது. அந்தப் பெண்ணுக்கு அது அத்துப்படி. நல்ல சீட்டு வந்தபோதெல்லாம், "எனக்கு ராசி, இதை மட்டும் திருப்பி வையுங்கள்" என்று சீட்டுப் போடுகிற டீலரிடம் சொன்னார். டீலரும் திருப்பி வைத்தார். மாற்றக்கூடாது என்று கேட்டுக்கொண்ட அதே கட்டு மறு சுற்று வந்தபோது, அந்த ஆட்டத்தில் உயர்ந்த சீட்டுகளான 7, 8, 9 எவை என்று முதுகைப் பார்த்தே தெரிந்தது. இரண்டே நாளில் 77 லட்சம் பவுண்டு! விடுதி அவர் கொண்டுவந்த 10 லட்சத்தைத் திருப்பிக் கொடுத்தது, ஜெயித்த பணத்தைக் கொடுக்கவில்லை. ஐவிதான் வழக்குப் போட்டார். நான் செய்தது ஏமாற்று இல்லை என்று அவர் மனதார நம்பினார் என்பதை நீதிபதி ஏற்றுக்கொண்டார். ஆனாலும், டீலருக்கே தெரியாமல் அவரைக் கொண்டு கட்டை அடுக்கவைத்தது ஏமாற்றுதான் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லிவிட்டது. ஒருவர் நேர்மையாக நடந்தாரா என்பதை அவருடைய மனசாட்சியை வைத்து அளக்கக்கூடாது, சாதாரண நல்ல மனிதர்களின் அளவுகோலால் அளக்க வேண்டும் என்று குற்றவியல் சட்டத்தையே அந்தத் தீர்ப்பு திருத்தியது. சட்டம் சரி. இருந்தாலும் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு: வாடிக்கையாளரின் மூடநம்பிக்கையில் காசு பார்க்கலாம் என்று நினைத்துத்தானே விடுதி கேட்டதையெல்லாம் செய்துகொடுத்தது?

கடைசியாக இயந்திரம். கோளாறு ஏற்பட்டால் பரிசு செல்லாது என்று அதன் மேலேயே எழுதியிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. 2011இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு மூதாட்டி ஆடிய இயந்திரத்தின் திரையில் 4 கோடியே 17 லட்சம் டாலர் போனஸ் என்று வந்தது. அந்த ஆட்டத்தின் விதிகளில் அப்படி ஒரு போனஸே கிடையாது என்று விடுதி கையை விரித்தது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய் 2015இல் முடிந்தது. பாட்டிக்கு உரியது அந்தச் சுற்றில் முறைப்படி விழுந்த தொகை மட்டும்தான் என்றார்கள். அது 1 டாலர் 85 சென்ட்.

சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்.