முதலில் காது, பிறகு பெயர்

சபைப் பெரியோர்களே, முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

என் தோல்வி ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளிக்கூடத்தில் வயலின் விளக்கக் கச்சேரி செய்யப் போனேன். 72 மேளகர்த்தா என்னும் தாய் ராகங்கள், அவற்றில் பிறக்கும் ஜன்யம், தாளத்தின் அங்கங்கள் என்று 40 நிமிடம் பேசினேன். கடைசி வரிசை தூங்கிவிட்டது. நடுவரிசை அதற்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. “கேள்வி உண்டா?” என்றதும் ஒரு சிறுமி எழுந்தாள். “சார், சினிமாவில் எல்லாரும் நின்றுகொண்டுதானே வாசிக்கிறார்கள்? நீங்கள் மட்டும் ஏன் காலில் முட்டுக் கொடுத்திருக்கிறீர்கள்?”

நான் சொல்லியிருக்க வேண்டிய பாடம் முழுவதும் அந்தக் கேள்வியில் இருந்தது.

வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் அதை ஐரோப்பியர் ஒருவரிடம் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தார். வாத்தியம் மாறவில்லை, பிடிக்கும் விதம் மாறியது. நாம் சம்மணமிட்டு, ஒரு முனையை மார்பிலும் தலைப்பகுதியை வலது கணுக்கால் அருகிலும் ஊன்றுகிறோம். வாத்தியத்தைத் தாங்கும் வேலை இடது கைக்கு இல்லை. அதனால் விரல் தந்தியின் மேல் தாராளமாக ஏறி இறங்கலாம். ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் கமகத்துக்கு வேண்டியது அந்த விடுதலைதான். வீணையில் இருப்பதுபோல், விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் மெட்டுகள் இதில் கிடையாது. எங்கே நிற்பது என்பதை வாசிப்பவரின் காதுதான் சொல்ல வேண்டும். சுருதியும் அப்படித்தான். நான்கு தந்திகளையும் ச-ப-ச-ப என்று பாடகரின் குரலுக்கு இசையக் கூட்டுகிறோம்.

இதையெல்லாம் சிறுமியிடம் வாயால் சொல்லாமல், விரலை இழுத்துக் காட்டினேன். தூங்கியவர்களும் எழுந்து பார்த்தார்கள்.

சென்னை மியூசிக் அகாடமி 1928-இல் தொடங்கியது. டிசம்பர் காலை வேளைகளில் அங்கே நடக்கும் லெக்டெம் என்னும் விளக்கக் கச்சேரிகளில் அறிஞர்கள் அறிஞர்களுக்காகப் பேசுகிறார்கள். அது வேண்டியதுதான். ஆனால் கச்சேரிக்கே முதன்முறை வருபவருக்கு அதே உணவைப் பரிமாறினால் செரிக்காது. ராகத்தின் பெயரைச் சொன்னதும் கேட்பவர் அதை மனப்பாடம் செய்யப் போய்விடுகிறார், காது அடைத்துக்கொள்கிறது. ஆகவே நான் பெயரைக் கடைசியில்தான் சொல்கிறேன். (பெயர் சொல்லாத வித்வான்மீது ரசிகர்களுக்கு வருத்தம் உண்டு என்பதும் எனக்குத் தெரியும்.)

பக்கவாத்தியத்தைப் புரியவைக்க நான் செய்யும் ஒரு வேடிக்கையைச் சொல்கிறேன். பாடகர் தாளமில்லாமல் ராகத்தை விரித்து ஆலாபனை செய்யும்போது வயலினை நிறுத்திவிடுவேன். முதலில் யாரும் கவனிப்பதில்லை. பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் திடீரென்று ஒரு வெறுமை தெரியும். அடுத்த பிடியில் வயலின் மெல்லச் சேர்ந்து, குரலின் நிழலாகத் தொடர்ந்து, அவர் நிறுத்திய இடத்தில் ஒரு கணம் கூடுதலாக ஒலிக்கும்போது கூட்டம் ‘ஓ’ என்கிறது. அனுசரணை என்ற சொல்லை அதற்குப் பிறகு கற்றால் மறக்காது.

இனி நான் பேசினால் என் பழைய தவற்றையே மறுபடி செய்தவனாவேன். பிள்ளைகளே, இப்போது ஒரே ஸ்வரத்தை இரண்டு முறை கேட்கப் போகிறீர்கள். எதில் உயிர் இருக்கிறது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். தம்பி, ‘க’ என்னும் அந்தக் காந்தார ஸ்வரத்தை முதலில் அசைக்காமல் நேராகப் பிடியுங்கள். பிறகு தோடி ராகத்தில் வருவதுபோல் அசைத்து வாசியுங்கள்.